உயர்தர சைவமும் ஒரு துண்டுக் கறியும்

வடுகபட்டியை வெளியூர்க்காரர்கள் வைரமுத்துவின் ஊர் என்று அடையாளம் வைத்திருக்கிறார்கள். வியாபாரிகளைக் கேட்டால் பூண்டு ஊர் என்பார்கள். கொடைக்கானல் மலையில் விளைந்து, 2019இல் புவிசார் குறியீடும் வாங்கிய மலைப்பூண்டு, பெரியகுளத்தை ஒட்டிய இந்தப் பேரூரின் சந்தைக்கு வந்துதான் விலை போகிறது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது கிளம்புகிற அந்தக் காரநெடி நமக்குச் சைவ நெடி. ஆசாரம் அதிகமுள்ள சில வீடுகளைத் தவிர்த்தால், பூண்டுக் குழம்பைக் குற்றமாக நினைக்கும் சைவ வீடு இந்தப் பக்கம் குறைவு. அதே பூண்டை ஒரு சமணர் தன் அடுக்களைக்குள் விடமாட்டார். அதைப் பிடுங்கினால் செடியே சாகும், மண்ணுக்குள் கிடக்கும் சிற்றுயிர்களும் சாகும் என்பது அவர் கணக்கு. காஷ்மீரப் பண்டிதர்களோ ஆட்டுக்கறியை ஆசையாகச் சமைப்பவர்கள். ஆனால் அவர்களுடைய மரபான சமையலில் வெங்காயமும் பூண்டும் கிடையாது, பெருங்காயத்தோடு சரி. ஆக, நம்ம ஊர்ச் சந்தையை ஒரு பழைய காஷ்மீரப் பண்டிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோய், எதிர்ச்சாரியில் இருக்கும் கறிக்கடையில் நிம்மதியாக மூச்சுவிடுவார். வங்காளத்துப் பிராமணருக்கு மீனில்லாத கல்யாணச் சாப்பாடு சாப்பாடே இல்லை. சைவம், அசைவம் என்று நாம் தட்டின் நடுவே போட்டு வைத்திருக்கும் கோடு, ஊருக்கு ஊர் இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

பிறந்ததிலிருந்து சைவம் மட்டுமே சாப்பிட்ட ஒருவர், நாற்பது வயதிலோ இருபது வயதிலோ, ஒருநாள் கறி சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று முடிவெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுற்றி இருப்பவர்கள் உடனே இரண்டு கட்சி ஆகிவிடுவார்கள். 'உடம்புக்கு நல்லது, சாப்பிடு' என்று ஒரு கட்சி; 'பாவம், தொடாதே' என்று இன்னொரு கட்சி. என் கட்சி வேறு. அவர் சாப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் உடம்பைச் சாக்காகச் சொல்லாமல், யாருக்கும் ஒளிக்காமல் செய்ய வேண்டும். பிறப்போடு வந்த சைவம் பழக்கம்தான். அதற்கு எதிராக ஒருமுறையாவது யோசித்துப் பார்த்தவரிடம்தான் அது கொள்கை ஆகும். அந்த யோசனையின் முடிவில் அவர் கறிச்சோற்றுக்குப் போனாலும் சரி, சாம்பாருக்கே திரும்பி வந்தாலும் சரி.

முதலில் உடம்புக் கதையை முடித்துவிடுவோம். 2014இன் மாதிரிப் பதிவு முறை அடிப்படைக் கணக்கெடுப்பு, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் உணவைப் பற்றிக் கேட்டது. தமிழ்நாட்டில் சைவம் என்று சொன்னவர்கள் 2.35 சதவீதம். ராஜஸ்தானில் நாலில் மூன்று பேர் சைவம். இப்போது 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், ராஜஸ்தானில் 54.4 சதவீதம். கிட்டத்தட்ட எல்லோரும் அசைவமாக இருக்கும் மாநிலத்துக்கும், பெரும்பாலோர் சைவமாக இருக்கும் மாநிலத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சதவீதம். சைவர்கள் மிகக் குறைவான மேற்கு வங்கத்தில் அது 71.4, அதேபோல் சைவர்கள் குறைவான கேரளத்தில் 36.3. கறியைத் தொட்டாலே ரத்தம் ஊறும் என்றால் இந்த எண்கள் இப்படிக் குதிக்காது. கறியிலிருக்கும் இரும்புச்சத்து கீரையிலிருப்பதைவிட நன்றாகவே உடம்பில் சேரும். அது அறிவியல், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம்ம பக்கத்துப் பெரும்பாலான அசைவ வீடுகளில் கறி என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். அரைக் கிலோ எடுத்து ஆறு பேருக்குக் குழம்பு வைத்தால், கடைசியில் உட்காரும் பெண்ணுக்குக் கிடைப்பது குழம்பும் உருளைக்கிழங்கும். அவளுடைய ரத்தசோகைக்குச் சைவம் காரணமில்லை, அசைவம் மருந்தாகவும் இல்லை. வறுமை, குடற்புழு, அடுத்தடுத்த பிரசவம், சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ, யார் முதலில் சாப்பிடுவது என்ற வீட்டு வரிசை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைப்பது நேர்மையில்லை. பி12 வைட்டமின் செடிகொடிகளில் நம்பத்தக்க அளவில் கிடையாது. ஒரு நாளைக்குத் தேவைப்படுவது இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான். அதைப் பால், தயிர், முட்டை, மீன், கறி என்று விலங்குவழிதான் பெற வேண்டும், அல்லது மாத்திரையாகப் போட வேண்டும். டீயில் கலக்கிற கால் டம்ளர் பாலோடு நிறுத்திக்கொள்ளும் சைவர்களுக்கு இது குறைய நிறைய வாய்ப்பு இருக்கிறது. கை கால் மரத்துப்போவதும் ஞாபகம் தடுமாறுவதும் அதன் அடையாளங்கள். ஆனால் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்கிற மாத்திரை போதுமான ஒரு குறைக்கு, வாழ்நாள் பழக்கத்தையே மாற்றத்தான் வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது. இந்த இடத்தில் பலரும் இழுக்கும் பெயர் ராமானுஜன். 1914இல் கேம்பிரிட்ஜுக்குப் போன கும்பகோணத்துக் கணிதமேதை, அங்கேயும் சைவத்தை விடாமல் தானே சமைத்துச் சாப்பிட்டார். முதல் உலகப்போர் நேரத்தில் காய்கறிக்கே தட்டுப்பாடு. 1917இல் படுத்தார், 1919இல் திரும்பினார், 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் இறந்தார். 'கறி தின்றிருந்தால் பிழைத்திருப்பார்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைய மருத்துவர்கள் காசநோய் என்றார்கள். 1994இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்க வேண்டும் என்றும், இந்தியாவிலேயே அவருக்கு வந்திருந்த சீதபேதியின் தொடர்ச்சியாக இருக்கலாம் என்றும் எழுதினார். சரியாகச் சாப்பிடாதது அவரைப் பலவீனப்படுத்தியிருக்கும். கொன்றது சைவம் என்பதற்கு ஆதாரமில்லை. ஒரு மேதையின் சாவை நம்ம பந்திச் சண்டைக்குச் சாட்சியாக அழைக்காமல் இருப்பது நல்லது.

எதிர்த்தரப்பின் உடம்புக் கதையும் இதே அளவுக்குத்தான் தேறும். 'பரம்பரையாகச் சாப்பிடாத உடம்பு, செரிக்காது' என்பார்கள். துவரம்பருப்பிலிருக்கும் புரதத்தை உடைக்கிற அதே பெப்சினும் டிரிப்சினும்தான் ஆட்டுக்கறியின் புரதத்தையும் உடைக்கின்றன. சைவக் குடலுக்கு என்று தனிச் சுரப்பி கிடையாது. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டம்கூட உணவு மாறிய சில நாட்களிலேயே தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது என்பதை 2014இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. முதல் நாள் வயிறு கனப்பது கறியின் கொழுப்பாலும், ஆசையில் அளவு மீறுவதாலும். ஆனால் குமட்டல்? அது உண்மை, பலருக்கும் வரும். அது வயிற்றிலிருந்து கிளம்புவதில்லை. அருவருப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார்: ஆரோக்கியத்துக்காகக் கறியை விட்டவர்களைவிட, அறத்துக்காக விட்டவர்களுக்குக் கறியின் மேல் அருவருப்பு அதிகம். நாக்கு அனுமதித்தாலும் மனசு தொண்டையை அடைத்துவிடுகிறது. குழந்தையிலிருந்தே 'கவுச்சி' என்ற சொல்லை மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்லும் வீட்டில் வளர்ந்தவருக்குச் சொல்லும் சுளிப்பும் ஒன்றாகவே பதிந்துவிடும்.

அந்தச் சுளிப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. பெரியகுளத்திலிருந்து கம்பம் கூடலூர் வரைக்கும் ஒரு பேருந்துப் பயணத்தில் ஓட்டல் பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். 'உயர்தர சைவ உணவகம்' என்று கண்ணில் படும். உயர்தர அசைவ உணவகம் என்று எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்? அசைவத்துக்கு 'முனியாண்டி விலாஸ்' போதும். உயர்வு என்ற சொல் சைவத்துக்கே சொந்தம் என்று ஆகிவிட்டது. நூற்றுக்கு 97 பேர் கறி தின்கிற தமிழ்நாட்டில், மீதி இரண்டு மூன்று பேரின் தட்டு உயர்தரம் ஆனது சத்தாலும் இல்லை, ருசியாலும் இல்லை. எம்.என். சீனிவாஸ் 1952இல் குடகு மக்களைப் பற்றி எழுதிய நூலில், ஒரு சாதி தன்னை மேலே ஏற்றிக்கொள்ள நினைக்கும்போது கறியையும் கள்ளையும் விடுவதை ஓர் அடையாளமாகக் காட்டினார். கறியை விடுவது ஏற்றம் என்றால் கறியைத் தொடுவது இறக்கம். வாழ்நாள் சைவர் ஒருவர் கறியைத் தொடும்போது வீடு பதறுவது ஆட்டுக்காக மட்டும் என்றால், ஆடு வெட்டித் தின்னும் பக்கத்து வீட்டுக்காரரோடு அவ்வளவு வருஷம் சிரித்துப் பேசியிருக்க முடியாது. 'நம்மாளு அதைச் சாப்பிடுவானா' என்ற வாக்கியத்தில் கனமான சொல் 'நம்மாளு'தான். வீடு வாடகைக்கு விடும்போது 'சைவம் மட்டும்' என்று போடுகிற விளம்பரத்தில் எத்தனை சாதிகள் வடிகட்டப்படுகின்றன என்பது போடுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

சைவம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சிவனை வழிபடும் சமயத்தின் பெயர். அந்தச் சிவனுக்குப் பன்றிக்கறியைச் சுட்டு, மென்று பதம் பார்த்துப் படைத்த கண்ணப்பர் அறுபத்துமூவரில் ஒருவர். அவர் கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் விரித்துப் பாடிய சேக்கிழார் அதை மறைக்கவில்லை, உருகினார். இன்னும் பின்னால் போனால் கபிலர். அந்தணர் என்று சங்கப் பாட்டுகளே சொல்லும் புலவர் அவர். உன் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்று கேட்ட சேர மன்னனுக்கு, நீ தரும் கறியும் சோறும் உண்பதைத் தவிர வேறு கடின வேலை அறியாத கை இது என்ற பொருளில் பதில் சொல்கிறார். புறநானூற்றில் இருக்கிறது. ஆகவே 'நம் முன்னோர் தொட்டதே இல்லை' என்ற வாதத்தைக் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. எந்த முன்னோர், எவ்வளவு முன்னால் என்ற கேள்வி வந்துவிடும்.

கறியை முயன்று பார்த்த சைவர்களில் உலகத்துக்கே தெரிந்தவர் காந்தி. ராஜ்கோட்டில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, ஆங்கிலேயன் கறி தின்பதால்தான் நம்மை ஆளுகிறான், நாமும் தின்றால் அவனை விரட்டலாம் என்று ஒரு நண்பர் சொன்னதை நம்பினார். அது அன்றைய 'புரோட்டீன்' வாதம். ஆற்றங்கரையில் ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து தின்ற ஆட்டுக்கறி தோல் மாதிரி இருந்ததையும், அன்று ராத்திரி வயிற்றுக்குள் ஆடு கத்துவது போலிருந்ததையும் அவரே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை, ஏறக்குறைய ஒரு வருஷத்தில் ஐந்தாறு முறை தின்றார், பிறகு விரும்பியே தின்றார். அவர் நிறுத்திய காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஆடு பாவம் என்று அப்போது நிறுத்தவில்லை. வெளியே தின்றுவிட்டு வந்து அம்மாவிடம் பசியில்லை, செரிமானம் சரியில்லை என்று பொய் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொய்தான் தாங்கவில்லை. பெற்றோர் காலத்துக்குப் பிறகு வெளிப்படையாகத் தின்போம் என்றே அப்போது நினைத்துக்கொண்டார். 1888இல் லண்டனுக்குப் போகும்போது அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் அவரைப் பிடித்து வைத்திருந்தது. அங்கே ஒரு சைவ உணவகத்தில் ஹென்றி சால்ட் எழுதிய சிறு நூல் ஒன்றை வாங்கிப் படித்த பிறகே, சைவத்தைத் தன் சொந்தத் தேர்வாக ஏற்றுக்கொண்டேன் என்கிறார். ஒரு வைணவ வீட்டில் பிறந்து, சமணச் சூழலில் வளர்ந்தவருக்கு, தன் சைவம் தனக்குச் சொந்தமாவதற்கு ஒரு ஆட்டுக்கறியும் ஓர் ஆங்கிலேயரின் புத்தகமும் தேவைப்பட்டன. கறி தின்னாமலே அவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தால் அதே இடத்துக்கு வந்திருப்பார் என்று சொல்லலாம்தான். ஆனால் எதை விடுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதில் ஒரு பலம் இருக்கிறது.

இதுவரை நான் தாண்டி வந்ததெல்லாம் சின்ன ஆட்சேபங்கள். பெரிய ஆட்சேபம் ஒன்றுதான்: உயிர். சாதி, சத்து, சங்க இலக்கியம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டாலும், என் ருசிக்காக ஓர் உயிர் சாக வேண்டுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வள்ளுவர் 26ஆம் அதிகாரத்தையே இதற்குக் கொடுத்தார். அது துறவறவியலில் இருக்கிறது, ஆகவே இல்லறத்தானுக்கு இல்லை என்று சிலர் நழுவுவார்கள். அந்த நழுவல் எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் அந்த அதிகாரத்தின் ஆறாவது குறள் துறவியைப் பற்றியதே அல்ல, சந்தையைப் பற்றியது. 'நான் கொல்லவில்லை, வாங்கத்தானே செய்கிறேன்' என்று சொல்கிறவரிடம், வாங்குகிறவரின் தேவைதான் கத்தியை எடுக்க வைக்கிறது என்று கணக்குக் காட்டுகிற குறள் அது. பூண்டு விலை ஏறுவதும் இறங்குவதும் பார்த்துப் பழகிய வடுகபட்டிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கறியைத் தொடப்போகிற சைவர் இந்தக் கணக்கை நேராகப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். இதற்கு என்னிடம் முழுமையான மறுப்பு கிடையாது.

ஆனால் அந்தக் கணக்கு பாதியில் நிற்பதில்லை. மாடு கன்று ஈன்றால்தான் பால். பிறக்கிற கன்றுகளில் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்ட பிறகு அந்தக் காளைக்கன்றும், பால் வற்றிய எருமையும் எங்கே போகின்றன? எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருப்பது பால் உற்பத்தியில் முதலிடத்தில் இருப்பதன் மறுபக்கம். தயிர்ச்சோறு சாப்பிடுகிறவரும் வள்ளுவரின் சந்தைக்குள்தான் நிற்கிறார், கடை மட்டும் வேறு. இதைச் சொன்னால், 'எல்லோரும் பாவிகள்தான், ஆகவே ஆட்டை வெட்டு' என்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. நேரடியாகக் கொல்வதற்கும் சுற்றிவளைத்துக் காரணமாவதற்கும் அளவில் வித்தியாசம் உண்டு, அளவு முக்கியம். நான் கேட்பது ஒன்றே: குறைவான பாவம் செய்கிறவர் தன்னைச் சுத்தம் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. வடலூர் வள்ளலார் இந்த விஷயத்தில் நமக்கு நல்ல உரைகல். கொலையையும் புலாலையும் அவர் அளவுக்குக் கண்டித்தவர் குறைவு. புலால் உண்போரைப் புறவினத்தார் என்றே பிரித்தார். ஆனால் அவர்களுக்கும் பசி நீக்க வேண்டும் என்றார். 1867இல் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு, சாப்பிட வருகிறவரிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதில்லை. உயிருக்காகச் சைவமாக இருக்கிறவரையும் உயர்தரத்துக்காகச் சைவமாக இருக்கிறவரையும் அங்கே பிரித்துப் பார்த்துவிடலாம்.

சுற்றுச்சூழல் வாதத்தையும் சொல்லியாக வேண்டும், ஆனால் அது எல்லாக் கறிக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. உலகக் கால்நடை வளர்ப்பு வெளியேற்றும் பசுமை இல்ல வாயுக்களை ஐ.நா. உணவு அமைப்பு 2013இல் மனிதர் வெளியேற்றுவதில் 14.5 சதவீதம் என்று கணக்கிட்டது. அதில் பால் மாடும் அடக்கம். நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு, தாளையும் புல்லையும் மேய்ந்து, புழுக்கையை உரமாக விட்டுப்போகிற ஆடும், கொட்டகைக்குள் தீவனம் தின்று ஆறு வாரத்தில் தராசுக்கு வரும் பிராய்லர் கோழியும் ஒரே கணக்கில் வராது. சாப்பிட்டுப் பார்ப்பவர் எதைச் சாப்பிடுகிறார் என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். பாக்கெட்டில் பதப்படுத்தி வருவதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்; தொடர்ந்து தின்றால் குடல் புற்றுநோய்க்கு வழி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

'ஒருமுறை தொட்டால் திரும்ப முடியாது' என்பது கடைசிப் பயம். இதற்குப் பதில் கம்பம் சாலையிலேயே இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் தேனியைத் தாண்டி வரிசை கட்டும். மாலை போட்டவர்களில் பெரும்பாலோர் வருஷம் முழுக்கக் கறி தின்கிறவர்கள். ஒரு மண்டலம் அடுக்களையே சைவமாகிவிடும். புரட்டாசியில் கோழி விலை இறங்குவதும் இதே காரணத்தால். பிறகு ஐப்பசியில் தீபாவளிக்கு ஆட்டுக்கறி, மார்கழியில் மறுபடி விரதம். அசைவர் சைவத்துக்குள் வந்து தங்கிவிட்டுப் போவதை யாரும் கொள்கை மாற்றம் என்று பஞ்சாயத்து வைப்பதில்லை. ஒருபக்கப் போக்குவரத்துக்குத் திறந்திருக்கும் வாசலை, எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற சைவருக்கு மட்டும் அடைத்து வைப்பதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுப் பெரியவர்கள் மனசு புண்படும் என்பது உண்மை, அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். அவர்கள் அடுக்களையில், அவர்கள் பாத்திரத்தில் சமைக்க வேண்டியதில்லை. அவர்களிடம் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒருவர் தட்டை ஒருவர் பார்க்கிறார்கள், மறைத்துக்கொள்வதில்லை. அதே வரிசையில் உட்கார்வதுபோல வீட்டிலும் உட்காரலாம். முயன்று பார்க்கிறவர் முட்டையில் தொடங்கலாம். அது தொண்டையில் இறங்கினால், கறிக்கடையில் கால் கிலோ போதும். ஈரலும் குடலும் பழகினவர்களின் ஆசை, முதல் நாளைக்கு வேண்டாம். இளங்கறியாகக் கேட்டு வாங்கி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு எலும்பு ரசமாக வைத்தால் மெல்லுகிற பயம் இருக்காது. பூண்டு மட்டும் தாராளமாகப் போடுங்கள், இங்கே அதற்குப் பஞ்சமில்லை.